கொக்குக்கும் கல்லுக்கும் வாதாடுவது மார்க்கத்தில் சேருமா?

அஸர் தொழுகை முடிந்து தஸ்பீஹில் இருந்தேன். ஒரகடம் தொழிற்பேட்டையில் காலை ஷிப்டு முடித்து, கம்பெனிச் சட்டையோடு வந்து ஜமாஅத்தில் சேர்ந்திருந்த வாலிபர் ஒருவர் அருகே வந்து அமர்ந்தார். அவருக்குப் பின்னாலேயே அவருடைய தகப்பனாரும் வந்து உட்கார்ந்தார். இருவர் முகத்திலும் வீட்டில் நடந்த வாக்குவாதத்தின் சூடு தணியவில்லை.

"ஹஜ்ரத், நீங்களே இவனுக்குச் சொல்லுங்க" என்று தகப்பனார் ஆரம்பித்தார். "வேலைக்குப் போறான், அஞ்சு வேளையும் தொழுறான், அல்ஹம்து லில்லாஹ். ஆனா லீவு நாள் வந்துட்டா ஏரியைக் காப்பாத்துறோம், கொக்கைக் காப்பாத்துறோம், காட்டுல கிடக்குற பழைய புதைகுழிக் கல்லைக் காப்பாத்துறோம்னு நாலு பேரோட சேர்ந்துக்கிட்டு மனுவுல கையெழுத்து வாங்கித் திரியறான். அழியப்போற துன்யாவுல கல்லுக்கும் கொக்குக்கும் வாதாடச் சொல்லியா மார்க்கம் சொல்லுது?"

வாலிபர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அத்தா கேக்குறது ஒரு பக்கம், ஹஜ்ரத். எனக்கு வேற ஒரு உறுத்தல். நான் வேலை பாக்குற கம்பெனியே முன்னாடி ஆடு மாடு மேய்ஞ்ச இடத்துல தான் நிக்குது. அந்தச் சம்பளத்தைத் தின்னுக்கிட்டே அடுத்த ஏரியை எடுக்காதீங்கன்னு நான் கையெழுத்துப் போட்டா, அது நயவஞ்சகம் ஆயிடுமா?"

கேள்விகள் இரண்டு. இரண்டுமே நேர்மையானவை. அன்று மஃரிபுக்குள் சொல்லி முடிக்க இயலாமற் போனதை இங்கே எழுதுகிறேன். இந்தப் பகுதியில் மட்டுமன்றி, ஊருக்கு ஊர் நம் வீடுகளில் இன்று எழும் கேள்வி இது.

முதலில் தகப்பனாரின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். உலகம் அழியக்கூடியது என்பதில் எந்த முஃமினுக்கும் ஐயமில்லை. பூமியின் மீதுள்ள யாவும் அழியும் என்பது சூரத்துர் ரஹ்மானில் நாம் ஓதுவதுதான் (55:26). ஆனால் அழிவது என்பது வேறு. நாம் அழிப்பது என்பது வேறு. என்றோ ஒரு நாள் இடிந்து விழப்போகும் வீடுதானே என்று எவரும் தம் வீட்டுக்குத் தாமே தீ வைப்பதில்லை. மௌத் நிச்சயம் என்பதற்காக நோயாளிக்கு மருந்து கொடுக்காமல் இருப்பதுமில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் கியாமத்து நாளைப் பற்றியே பேசும்போது என்ன சொன்னார்கள்? அந்த நாள் வந்துவிட்ட வேளையிலும் ஒருவர் கையில் ஈச்சங்கன்று இருக்குமானால், முடிந்தால் அதை நட்டுவிடட்டும் என்ற கருத்தில் அருளினார்கள். இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களும், இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் அல்அதபுல் முஃப்ரதிலும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் கன்று காய்க்கப் போவதில்லை. அதன் நிழலில் அமர எவரும் இருக்கப் போவதுமில்லை. அப்படியிருந்தும் நடச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே, "அழியத்தானே போகிறது" என்பது மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படும் சோம்பல்; மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை.

பறவைகளின் சமுதாயம்

பூமியில் ஊர்ந்து திரியும் எந்தப் பிராணியும், தம் இறக்கைகளால் பறக்கும் எந்தப் பறவையும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தைத் திருமறை (6:38) சொல்கிறது. அரபியில் 'உமம்' என்ற சொல். நாம் 'உம்மத்' என்று நம்மைச் சொல்லிக்கொள்கிறோமே, அதன் பன்மை. இந்தச் சொல்லின் கனத்தைப் பெருமானார் (ஸல்) அவர்களின் இன்னொரு வாக்கிலிருந்து அறிந்து கொள்ளலாம். மதீனாவில் நாய்களால் தொல்லை இருந்தது. அச்சமயம் நாயகம் (ஸல்) அவர்கள், நாய்களும் சமுதாயங்களில் ஒரு சமுதாயமாக இல்லாதிருந்தால் அவற்றை அடியோடு கொல்ல ஆணையிட்டிருப்பேன் என்ற கருத்தில் சொன்னதாக அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் வருகிறது. நாயைப் பற்றி நம் மத்ஹபின் சட்டம் என்னவென்று நமக்குத் தெரியும். அதன் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு முறை கழுவுகிறோம். அப்படிப்பட்ட பிராணியின் விஷயத்திலேயே, ஓர் இனத்தை வேரோடு அறுப்பது படைத்தவன் ஏற்படுத்திய ஒழுங்கில் கை வைப்பதாகும் என்ற எச்சரிக்கை வந்திருக்கிறது. தனி நாயைப் பற்றியதல்ல இந்தப் பேச்சு, இனத்தைப் பற்றியது. இன்று விஞ்ஞானிகள் 'இனம் அற்றுப்போதல்' என்று பேசுவதற்கு இதைவிட நெருங்கிய ஹதீஸ் எனக்குத் தெரியவில்லை.

நூஹ் (அலை) அவர்களின் கப்பலை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஜோடி ஜோடியாக ஏற்றிக்கொள்ளுமாறு கட்டளை வந்தது (11:40). எது பயனுள்ளது, எது பயனற்றது என்று தரம் பிரிக்க நூஹ் நபியிடம் விடப்படவில்லை. ஏன் தெரியுமா? பிரயோஜனத்தை நாம் அறிவது பெரும்பாலும் அது போன பிறகுதான்.

நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. செங்கல்பட்டுக்கு அருகே திருக்கழுக்குன்றம். கழுகின் பெயரால் அமைந்த ஊர். அந்த மலைக் கோயிலுக்கு நண்பகலில் இரு கழுகுகள் வந்து உணவு கொண்டு போவதைப் பார்க்க வெளியூர்களிலிருந்தும் ஜனங்கள் வருவதுண்டு. 1990களின் இறுதியோடு அந்த வருகை நின்றுவிட்டது. அவ்விரண்டும் ஏன் வரவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அதே ஆண்டுகளில் இந்தியா முழுவதும் பிணந்தின்னிக் கழுகுகள் மாய்ந்து கொண்டிருந்தன. காரணம், மாடுகளின் வலிக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் என்ற மருந்து. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போதே இறந்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டு, சில நாட்களில் செத்து விழுந்தது. சில இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அழிந்த பின்னர், 2006இல் தான் கால்நடைகளுக்கு அம்மருந்தைக் கொடுப்பது தடை செய்யப்பட்டது. பிணந்தின்னி என்று நாம் அருவருத்த பறவை, ஊருக்கு வெளியே செத்த மாட்டைச் சில மணி நேரத்தில் எலும்பாக்கிவிட்டுச் செல்லும் சம்பளமில்லாத் தோட்டியாக இருந்தது. அது போனதும் பிணங்கள் கிடந்து நாறின. தெரு நாய்கள் பெருகின. வீணாக எதையும் நீ படைக்கவில்லை என்று அறிவுடையோர் சொல்லுவதாகத் திருமறை (3:191) கூறும்போது அதில் கழுகும் அடக்கம் அல்லவா?

மேய்ச்சல் காவலருக்கு உமர் சொன்னது

ஆனால் இங்கே இன்னொரு பக்கமும் உண்டு. காப்பாற்றுகிறோம் என்று புறப்படுபவர்களில் சிலர், பறவைக்கு இரங்கும் அளவு பக்கத்துக் குடிசைக்கு இரங்குவதில்லை. புலிக்காகக் காட்டை ஒதுக்குகிறோம் என்று, தலைமுறை தலைமுறையாய் அந்தப் புலியோடு வாழ்ந்த பழங்குடிகளை வெளியேற்றிய கதைகள் நம் நாட்டில் உண்டு. நகரத்தில் குளிர்சாதன அறையில் இருந்துகொண்டு, கிராமத்தானுக்கு வேலை வேண்டாம், வயலே போதும் என்று உபதேசிப்பவர்களும் உண்டு. இந்தப் பகுதிக்குத் தொழிற்சாலை வந்ததால் எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது, எத்தனை பெண்மக்களுக்கு நிக்காஹ் நடந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியதிலிருந்து இந்தச் சாலை நெடுகிலும் வந்த ரிஜ்கை மறுப்பது நன்றி கெட்டதனம். தகப்பனாரின் கோபத்தில் அந்த நியாயம் இருந்தது.

இதற்கான அளவுகோல் கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் இருக்கிறது. 'ஹிமா' என்பது பொது நன்மைக்காக ஒதுக்கிக் காக்கப்படும் நிலம். நாயகம் (ஸல்) அவர்கள் நகீஃ என்ற இடத்தை அவ்வாறு ஒதுக்கினார்கள். மதீனாவின் ஹரம் எல்லைக்குள் மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடுத்தார்கள். பின்னர் உமர் (ரலி) அவர்கள் தம் காலத்தில் ஒரு ஹிமாவுக்கு ஹுனைய் என்ற ஊழியரைக் காவலராக நியமித்தபோது சொன்ன புத்திமதி புகாரீயில் இருக்கிறது. அதன் சாரம் இதுதான்: மக்களிடம் பணிவாக நடந்துகொள், அநீதியிழைக்கப்பட்டவனின் துஆவுக்கு அஞ்சு. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடையவனை உள்ளே விடு. இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளை விடாதே. அவர்களுடைய மந்தை மடிந்தாலும் அவர்களுக்குப் பேரீச்சந் தோட்டமும் பயிரும் இருக்கின்றன. இந்த ஏழையின் மந்தை மடிந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பான்.

இப்னு அவ்ஃபும் இப்னு அஃப்பானும் யார்? சுவனத்தைக் கொண்டு நன்மாராயம் சொல்லப்பட்ட பெரும் ஸஹாபாக்கள். அவர்கள் மீது குறை சொல்லி அல்ல இந்தக் கட்டளை. காக்கப்படும் நிலத்தின் சுமை வசதியுள்ளவன் தோளில் ஏற வேண்டும், ஏழையின் தோளில் ஏறக்கூடாது என்பதே இதன் கருத்து. காப்பவர்களையும் இந்தத் தராசில்தான் நிறுக்க வேண்டும். கட்டுபவர்களையும் இதே தராசில்தான் நிறுக்க வேண்டும்.

நிறுத்துப் பார்ப்போம். ஒரகடத்துக்குத் தெற்கே, மதுராந்தகத்தை அடுத்து வேடந்தாங்கல் ஏரி. அங்கே பறவைகளைக் காத்தவர்கள் யார்? பட்டணத்துக் கனவான்கள் அல்லர், உழவர்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நாரைகளைச் சுட்டுத் தள்ளியபோது கிராமத்தார் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். லயனல் பிளேஸ் என்பவர் 1798இல் அந்தப் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் கண்டிருந்தார்கள். நத்தைகுத்தி நாரை வயலில் நத்தையைத் தின்பதைக் கண்டிருந்தார்கள். பறவைகள் மிரளுமென்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத வழக்கம் அங்கே உண்டு. 1998இல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020இல் அந்த எல்லையை மூன்று கிலோமீட்டராகச் சுருக்க யோசனை வந்தபோது எதிர்ப்பு எழுந்தது. 2022இல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவமுள்ள நீர்நிலைகளில் ஒன்றாக அது சேர்க்கப்பட்டது. இருநூறு வருஷங்களுக்கு மேலாக ஏழை உழவனும் பிழைத்தான், நாரையும் பிழைத்தது. உமர் (ரலி) அவர்களின் தராசில் இந்தக் காவல் தேறிவிடும்.

மறுபக்கம், 2022 ஆகஸ்டில் பரந்தூரில் விமான நிலையம் அமையும் என்ற அறிவிப்பு வந்தது. ஏகனாபுரம் முதலான கிராமங்களின் ஜனங்கள் தங்கள் வயலையும் ஏரியையும் விட மறுத்து மாலைதோறும் கூடித் தங்கள் எதிர்ப்பைச் சொன்னார்கள். விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்று ஃபத்வா கொடுக்க நான் யாருமில்லை. அந்த இல்மும் என்னிடம் இல்லை. ஆனால் மஸ்ஜித் வாசலில் நின்று "முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கிறார்கள்" என்று அந்த ஜனங்களைப் பற்றி லேசாகப் பேசுவோர், ஹுனைய்க்குச் சொன்ன புத்திமதியை ஒரு முறை ஓதிவிட்டுப் பேசட்டும். தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்பது அபூதாவூதில் வரும் ஹதீஸின் கருத்து. ஏரி என்பது தண்ணீர். அதன் கரை புல். அதை மூட வேண்டுமென்று வருபவர்தான் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். மூடாதே என்பவர் அல்லர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொலைபேசித் தொழிற்சாலை 2006இல் தொடங்கிற்று. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம் பெண்களும் அங்கே வேலை பார்த்தார்கள். 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. எட்டே வருஷம். இந்த வட்டாரத்தின் பழைய ஏரிகளோ பல நூற்றாண்டுகளாக நிற்பவை. அழியப்போகும் துன்யா என்று தகப்பனார் சொன்னாரே, அந்தக் கணக்கில் எது சீக்கிரம் அழிகிறது என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா?

கல்லின் விஷயம்

இனி கடினமான பகுதி. பறவைக்கு உயிருண்டு, ஏரியில் தண்ணீருண்டு. கல்லில் என்ன இருக்கிறது? அதிலும், நம் தீனைச் சேராதவர்களின் கல்லில்?

இந்த மண் வெறும் மண்ணல்ல. ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தபோது கற்காலக் கருவிகள் கிடைத்தன. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகள் அகப்பட்டன. அத்திரம்பாக்கத்துக் கருவிகளுக்குப் பதினைந்து லட்சம் வருஷம் என்று 2011இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. (இந்தக் கணக்கும் ஆதம் (அலை) அவர்களின் வரலாறும் எவ்வாறு பொருந்தும் என்பது தனி விவாதம். இங்கே அதில் புகவில்லை.) காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் மேட்டு நிலங்களில் பெருங்கற்காலத்தார் இறந்தோரைப் புதைத்து வைத்த கல்வட்டங்கள் இருக்கின்றன. மண் வெட்டும் இயந்திரத்துக்கு அவை வெறும் கற்கள்.

பூமியில் சுற்றித் திரிந்து, முன்னிருந்தோரின் முடிவு என்னவாயிற்று என்று பாருங்கள் என்ற கட்டளை திருமறையில் ஒரு முறையல்ல, பல முறை வருகிறது. (30:9 போன்ற வசனங்கள்.) பார்க்கச் சொல்லியிருக்கிறது என்றால், பார்ப்பதற்கு ஏதாவது மிச்சமிருக்க வேண்டுமே! ஃபிர்அவ்னின் உடலையே பின்னால் வருவோருக்கு அத்தாட்சியாக விட்டு வைப்பதாக அல்லாஹ் கூறுகிறான் (10:92). தபூக் பயணத்தில் ஸமூது கூட்டத்தாரின் ஹிஜ்ர் வழியாகச் சென்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் அந்தக் குடைவரை வீடுகளை இடிக்கச் சொல்லவில்லை. அழுதவர்களாகவே அன்றி உள்ளே நுழையாதீர்கள் என்ற கருத்தில் எச்சரித்துவிட்டு விரைந்து கடந்தார்கள். எகிப்தை வென்ற அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களும் உடன் சென்ற ஸஹாபாக்களும் பிரமிடுகளைத் தொடவில்லை. பிற்காலத்தில் சுல்தான் ஸலாஹுத்தீனின் மகன் ஒருவர் அவற்றில் சிறியதை இடிக்க ஆள் வைத்து, எட்டு மாதம் பாடுபட்டுக் களைத்துக் கைவிட்டார். அவர் தோண்டிய வடு அதன் வடக்கு முகத்தில் இன்றும் இருக்கிறது. காப்பாற்றியவர் பெயரை எவரும் கேட்பதில்லை. இடிக்கப் போனவர் பெயர் மட்டும் நின்றுவிட்டது, பாவம்!

"ஆனால் ரிள்வான் பைஅத் நடந்த மரத்தை உமர் (ரலி) வெட்டச் சொன்னார்களே?" என்று கற்றவர்கள் கேட்கலாம். அப்படி ரிவாயத் இருப்பது உண்மை. மக்கள் அதைத் தேடிப்போய் அங்கே தொழ ஆரம்பித்ததே காரணம். ஷிர்க்கின் வாசல் திறக்கும் என்று அஞ்சுமிடத்தில் அந்தத் தீர்ப்பு. அதே உமர் (ரலி) அவர்கள் பைத்துல் முகத்தஸில் கிறிஸ்தவர்களின் ஆலயத்துக்குள் தொழ மறுத்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். தாம் தொழுத இடமென்று பின்னால் வரும் முஸ்லிம்கள் அதை எடுத்துக்கொள்வார்களோ என்ற அச்சம்! இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லாக் கல்லின் மீதும் கடப்பாரையைத் தூக்குவது இல்ம் ஆகாது. மதீனாவின் பழைய கோட்டை வீடுகளை இடிக்க வேண்டாமென்று நாயகம் (ஸல்) தடுத்ததாக இமாம் தஹாவீ (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள். அவை ஊருக்கு அழகு என்பது காரணம். உஹது நம்மை நேசிக்கும் மலை, நாம் அதை நேசிக்கிறோம் என்ற கருத்தில் அருளியதும் அவர்கள்தாம். நேசிப்பது வேறு, வணங்குவது வேறு. இந்த வேறுபாட்டைத் தெரிந்தவனுக்குக் கல்லைக் கண்டு பயமில்லை.

கஅபாவின் விஷயத்தில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் கலீஃபாவுக்குச் சொன்ன ஆலோசனையும் இங்கே நினைவுக்கு வருகிறது. இப்ராஹீம் (அலை) அவர்களின் அஸ்திவாரப்படி மாற்றிக் கட்டலாமா என்று கலீஃபா கேட்டார். நோக்கம் நல்லதே, ஹதீஸிலும் அதற்கு ஆதாரமுண்டு. இமாம் அவர்கள் வேண்டாமென்றார்கள். வருகிற அரசனெல்லாம் இடித்துக் கட்டினால் அல்லாஹ்வின் ஆலயம் அரசர்களின் விளையாட்டுப் பொருளாகிவிடும், அதன் மீதுள்ள கண்ணியம் ஜனங்களின் உள்ளத்திலிருந்து போய்விடும் என்பது அவர்களின் கவலை.

இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது. நான் பணியாற்றிய ஒரு பள்ளிவாசலில் கருங்கல் படிக்கட்டுடன் பழைய ஹவ்ளு ஒன்று இருந்தது. முன்னோர் ஒருவர் வக்ஃபாகக் கட்டியது. மழைத் தண்ணீர் அதில் இறங்கும், கோடையிலும் வற்றாது. நிர்வாகத்தார் அதை மூடி, மேலே டைல்ஸ் பதித்து, சுவரில் வரிசையாகக் குழாய் வைத்தார்கள். கூட்டத்தில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்கள். வாகிஃபின் நோக்கத்தை மாற்றுவதற்கு ஷரீஅத்தில் என்ன நிபந்தனை என்பதை மதரஸாவில் ஏழு வருஷம் படித்தவன் நான். சம்பளம் தருபவர்களோடு ஏன் வம்பு என்று "உங்கள் இஷ்டம்" என்று சொல்லிவிட்டேன். ஒரு முத்து அளவுத் தண்ணீரில் உளூச் செய்த நபியின் உம்மத்து, இன்று அங்கே குழாயைத் திறந்துவிட்டு மிஸ்வாக் செய்கிறது. கோடையில் லாரித் தண்ணீர் வருகிறது. அந்த வாலிபர் கேட்ட நயவஞ்சகக் கேள்விக்கு அவரைவிட நான்தான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

அவருக்குச் சொன்னது இதுதான்: "தம்பி, உங்க உழைப்புக்கு வர்ற கூலி ஹலால். ஒருத்தர்கிட்ட கூலி வாங்குறதால அவர் செய்யறதுக்கெல்லாம் ஆமாம் போடணும்னு மார்க்கத்தில இல்லை. நயவஞ்சகம்னா உள்ளே ஒண்ணு வெளியே ஒண்ணு. நீங்க உள்ளே உறுத்துறதைத் தான் வெளியே சொல்றீங்க. ஆனா கையெழுத்து வாங்கப் போறப்போ ளுஹர் ஜமாஅத்தை விட்டுடாதீங்க. அத்தாகிட்ட குரலை உயர்த்தாதீங்க. ஏரிக்கரையில ஆடு மேய்க்கிறவங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு மனு எழுதுங்க."

தகப்பனார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஹஜ்ரத், நம்ம பள்ளியிலயும் பின்னாடி ஒரு பழைய ஹவ்ளு கிடக்குதே, அதையும் மூடிட்டு வண்டி நிறுத்த இடம் பண்ணணும்னு பேச்சு அடிபடுது. வர்ற ஜுமுஆவுக்கு அப்புறம் கூட்டம்" என்றார்.

"தெரியும்" என்றேன். "இந்தத் தடவை என்கிட்ட கேட்கறதுக்கு முந்தியே பேசிடலாம்னு இருக்கேன். நீங்களும் வாங்க."

மஃரிப் பாங்கு சொல்ல முஅத்தின் எழுந்துவிட்டார். வாலிபர் உளூச் செய்யப் போனார். குழாயைச் சிறிதளவே திறந்து அவர் கை கழுவுவதைத் தகப்பனார் பார்த்துக்கொண்டே நின்றார்.